கதையில் வரும் தகப்பன்

"சேர், 'டூ யூ டிரிங்க்?' எண்டு எழுதியிருக்கிறன். வசனம் சரியோ?"

தீவுக் கிராமமான கீரியின் தேவாலய மண்டபத்தில், பின் வரிசை வாங்கில் இருந்து யோசேப் கேட்டார். வலை இழுத்துத் தடித்த விரல்களுக்குள் பேனை தீக்குச்சி போலக் கிடந்தது. கடற்கரைக்கு வரும் வெள்ளைக்காரரைப் படகில் ஏற்ற வேண்டும் என்று சொல்லித்தான் இந்த மாலை நேர ஆங்கில வகுப்பில் சேர்ந்திருந்தார்.

"சரி, ஐயா," என்றான் வாத்தியார் சுகந்தன்.

"அப்ப மறுமொழி? கேள்வி எண்டால் மறுமொழி வரவேணுமெல்லோ?"

"நோ, ஐ டோன்ட் டிரிங்க்."

"கள்ளும் இல்லையோ?"

முன் வாங்கில் இருந்த மாக்கிறட்டுக்குப் பொறுக்கவில்லை. "யோசேப்பண்ணை, சேரை விடுங்கோவன்! போன கிழமை அவருக்குக் கோபம் வருமோ எண்டு வசனம். அதுக்கு முதல் கிழமை சமைக்கத் தெரியுமோ எண்டு. மேசை, கதிரையைப் பற்றி எழுதினால் உங்கட பேனை முறிஞ்சு போடுமோ?"

"கதிரையோட எனக்கென்ன கதை, பிள்ளை?"

வகுப்பே சிரித்தது. சுகந்தனும் சிரித்தான். ஆனால் அவன் நெஞ்சு படகு எஞ்சின் போல அடித்துக்கொண்டிருந்தது.

யோசேப்பின் மகள் அஞ்சலாவும் அவனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். அவன் பெருநிலத்தில், முருங்கனில் வயல் செய்கிற சைவக் குடும்பத்துப் பிள்ளை. "அப்பான்ர வாயால ஓம் வராமல் நான் கழுத்தை நீட்டமாட்டன்," என்று அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். நேரே போய்க் கேட்டு, மனிதர் மாட்டேன் என்றுவிட்டால் எல்லாம் அதோடு முடிந்தது. அதனால், கேட்காமலே அவர் மனதை அறிய ஒரு வழி செய்திருந்தான். அது பிழைக்காது என்று நம்பினான்.

"இண்டைக்கு ஒரு சின்னக் கதை. வாசிச்சு, பாத்திரங்களை ஆராயப்போறம்."

ஆங்கிலத்தில் வாசித்து, தமிழில் விளங்கப்படுத்தினான். தீவில் ஒரு மீனவர். அவருக்கு ஒரு மகள். பெருநிலத்து விவசாயியின் மகன் ஒருவன் அவளை விரும்புகிறான். தகப்பனுக்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் பெடியன் அவர்கள் வீட்டு வாசல் படலையடியில் வந்து நிற்கிறான். கதை அதோடு நிற்கிறது.

"தகப்பன் என்ன செய்வார்?"

"காலை முறிப்பார்," என்றாள் மாக்கிறட், யோசிக்காமலே.

சுகந்தன் பின் வாங்குப் பக்கம் திரும்பினான். "யோசேப் ஐயா, நீங்கள் சொல்லுங்கோ."

யோசேப் ஆறுதலாக எழும்பினார். "கதையில ஒரு பிழை இருக்கு, சேர்."

"எந்த வசனத்தில?"

"வசனமெல்லாம் திறம். தகப்பன்தான் பிழை. கரையில நிண்டே கடலின்ர நிறம் மாறுறதைக் காணுறவனுக்கு, தன்ர பிள்ளையின்ர முகம் மாறினது தெரியாதோ? அந்த மனுசனுக்கு எல்லாம் தெரியும்."

சுகந்தனின் கையில் இருந்த சோக்குத் துண்டு உடைந்தது. "தெரிஞ்சால்... மறிப்பாரோ?"

"ஏன் மறிக்கிறான்? படகுக்கு ஆள் எடுக்கிறதெண்டால் நாங்கள் ஊராற்ற கதையைக் கேட்டு எடுக்கிறேல்ல. கடலுக்குக் கூட்டிக்கொண்டு போய், களைச்ச நேரத்தில ஆள் எப்பிடி, எரிச்சல் வாற நேரத்தில எப்பிடி எண்டு பாத்துத்தான் எடுப்பம். பெடியன் நல்லவன் எண்டால், தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு ஞாயிறு பூசை முடிய வீட்ட வா எண்டு அந்த மனுசன் சொல்லுவான்."

"வேறை சமயமெண்டாலுமோ?"

"அதைப் பங்குச் சாமியாரோட கதைக்கலாம்."

சுகந்தனுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. எவ்வளவு சுலபமாக மனிதர் வலைக்குள் வந்துவிட்டார்! சந்தோசத்தை மறைக்கக் கரும்பலகையை அழித்தான்.

"நல்ல ஆராய்ச்சி, ஐயா. நாளைக்கு இந்தக் கதையை வச்சு வசனம் எழுதுவம்."

யோசேப் பேனையை மூடி, பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு நடந்தார்.

"நாளைக்கு நான் வரேல்ல, தம்பி," என்றார். முதல் தடவையாக 'சேர்' போய் 'தம்பி' வந்திருந்தது. "நான் இங்க படிக்கவோ வந்தனான்? மாப்பிளை பாக்க வந்தனான், பாத்து முடிஞ்சுது."