வலப்பக்கத்துப் புஷ்கள்

மறுநாள் இறுதிப் போட்டி. ரைடிஸின் நான்கு சக்கரக் குவாட் பைக்கில் முன்சக்கரங்களைத் தாங்கும் கைகளைக் கழற்றி, அவற்றின் மூட்டுகளிலிருந்த பழைய புஷ் வளையங்களை மெக்கானிக் வெல்டா தட்டி எடுத்தாள். இடப்பக்கத்து நான்கும் பரவாயில்லை. வலப்பக்கத்து நான்கும் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தன.

“ஏன்டா, வலப்பக்கம் உருளைக்கிழங்கு மூட்டையக் கட்டிக்கிட்டா ஓட்டுற?”

ரைடிஸ் சிரித்தான். லாட்வியாவில் அவனைப் போல வளைவு எடுக்க ஆளில்லை. வலது வளைவில் மற்றவர்களுக்கு உள்சக்கரம் அந்தரத்தில் எழும்பும்; அவனுக்கு மண்ணைவிட்டு எழாது. வெல்டாவே வாய்பிளந்து பார்த்திருக்கிறாள். முன்பு ஆறு வருடம், பைக்கின் பக்கவாட்டில் இன்னொருவர் ஏறும் தட்டு பூட்டிய சைட்கார் பந்தயம் ஓட்டியவன். வலப்பக்கம் வெளியே தொங்கி எடை கொடுத்தது அவன் தம்பி உல்டிஸ். உல்டிஸ் இறந்து இரண்டு வருடமாகிறது.

புதிய புஷ்களைப் பொருத்தி, போல்ட்டுகளை முறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி உயரம் அளந்தாள். வலப்பக்கம் இரண்டு விரல் தாழ்ந்திருந்தது. மறுபடி அளந்தாள். அதேதான்.

“உங்க வேலையில குத்தமில்லக்கா” என்றான் ரைடிஸ். ஓட்டம் முடிந்ததும் சைட்கார்காரர்கள் தட்டுவதுபோல டாங்கை இரண்டு முறை தட்டினான்.

“இறங்குடா. அக்கா அளக்கட்டும்” என்றான், ஆளில்லாத வலப்பக்கத்தைப் பார்த்து.

ஸ்பிரிங் மெல்ல முனகியது. வலப்பக்கம் இரண்டு விரல் எழும்பி, இடப்பக்கத்துக்குச் சமமாக நின்றது.