காலர் மைக்

ஆறாவது மாடி உயரத்தில், கயிற்றில் தொங்கும் பலகை காற்றில் லேசாக ஆடுகிறது. அதில் நின்று ஓவியர் சுவரில் வரையும் முகத்துக்கு இன்னும் கண் வைக்கவில்லை. கீழே, ஆவணப்படத்துக்கு ஒலிப்பதிவு செய்பவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொள்கிறாள். மேலே ஏறுமுன், காலரில் மைக் இருப்பதை மறந்து ஓவியரும் மனைவியும் கிசுகிசுத்தது அவளுடைய ஹெட்போனில் மட்டும் விழுந்திருக்கிறது. "காலையிலேருந்து கண்ணு இருட்டுதுன்னீங்க. இன்னிக்கு வேணாமே." "சும்மா இரு. நம்மளத் தேடிப் படம் எடுக்க வந்திருக்காங்க. ஒரு தடவதானே." இப்போது அவர் மூச்சு அவள் காதுக்குள் இரைக்கிறது. மனைவி அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறாள். "சவுண்ட்?" என்று ஒலிப்பதிவாளரிடம் கேட்கிறார் டைரக்டர். நிறுத்தச் சொல்லவேண்டும் என்று அவள் நினைப்பதற்குள், பதிவு ஓடுகிறது என்று சொல்லிச் சொல்லிப் பழகிய பத்து வருடப் பழக்கத்தில் வாய் முந்திக்கொள்கிறது. "ரோலிங்." டைரக்டர் கையசைக்கிறார். மேலே ஓவியர் கேமராவைப் பார்த்துச் சிரித்து, கயிற்றிலிருந்து இரண்டு கையையும் எடுக்கிறார்.