பித்தளை ராசா

தம்புசாமி ஆசாரி அந்தக் காசை உரைகல்லில் ஒரு இழு இழுத்தார். சின்னையாவுக்குத் தன் முதுகிலேயே இழுத்த மாதிரி இருந்தது.

கல்லில் மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது.

"நல்லா தேயுங்க ஆசாரியாரே. ராசா காலத்துக் காசாம். லேசுல நெறத்தக் காட்டுமா?" என்றாள் சின்னையாவின் மனைவி நல்லம்மாள்.

காலையில் அவன் வேட்டியை அவள் உதறியபோது மடிப்பிலிருந்து விழுந்தது அது. நடுவில் சதுர ஓட்டை. சுற்றிலும் அவர்களுக்குப் புரியாத எழுத்து.

பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளைக்கு மண் வெட்டுகிறவன் அவன். மண்ணுக்குள் கிடைத்தது, ஏதோ பழைய ராசா போட்ட காசு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தான்.

அப்போ தங்கமாத்தான் இருக்கும் என்று கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வழியில் பால்காரர் வேறு வாங்கிக் கடித்துப் பார்த்து, வெண்கலம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையில் ராசாவும் இல்லை, மண்ணும் இல்லை. அவர்கள் குடியிருக்கும் கூலி லயனுக்குப் பின்னால் சீன முதலாளி தவுக்கே நடத்தும் சூதுக் கொட்டகையில் பணத்துக்குப் பதிலாகக் கொடுக்கிற வில்லை அது.

இனிமேல் சூதாட்டத்தைத் தொடமாட்டேன் என்று மாரியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவன் சின்னையா. மீறினால் அடுத்த கப்பலில் நாகப்பட்டினம் போய்விடுவேன் என்று அவளும் அங்கேயே சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

அவனுக்கு இருந்த ஒரே தைரியம் ஆசாரிதான். போன சனிக்கிழமை அதே கொட்டகையில், அதே பாயில், இவன் பக்கத்தில் உட்கார்ந்து தோற்ற மனுஷன். வாயைத் திறந்தால் அவர் வண்டவாளமும் சேர்ந்தல்லவா வெளியே வரும்?

ஆசாரி கோட்டின் மேல் திராவகம் ஒரு சொட்டு விட்டார். பச்சையாக நுரைத்தது. கோடு இருந்த இடமே தெரியவில்லை.

"தங்கம் துளிகூட இல்ல, தங்கச்சி." விளிம்பை அரத்தால் லேசாக ராவி, வாசல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "செம்பும் துத்தநாகமும். வெறும் பித்தளை."

"எந்த ராசாவாம்?"

ஆசாரிக்கு இருமல் வந்துவிட்டது. சின்னையா பக்கம் திரும்பாமலே, "அதெல்லாம் உரைகல்லு சொல்லாதும்மா" என்றார்.

சின்னையாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"பித்தளைக்கா இம்புட்டுப் பாடு? குடு, போற வழியில ஆத்துல வீசிடுறேன்" என்று கையை நீட்டினான்.

நல்லம்மாள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எதுக்கு வீசணும்? இதுக்கு முன்னாடி தொலஞ்சுபோச்சுன்னு நீங்க கமுக்கமா தேடுனீங்களே, அந்த ராசா காசையெல்லாம் நான் கொண்டுபோய் நீட்டுனதும் தவுக்கே மறுபேச்சில்லாம வாங்கிக்கிட்டு வெள்ளிப் பணம் குடுத்தான். கப்பல் சீட்டுக்கு இன்னும் கொஞ்சந்தான் கொறையுது. நாளைக்கு இன்னும் ஆழமா வெட்டிப் பாருங்க."