பாறையைச் சுற்றிக் கிடந்த முடி

ஆள் நடமாட்டமே இல்லாத மலையடிவாரத்தில், ஒரு பாறையைச் சுற்றி வட்டமாக மனுச முடி கொட்டிக் கிடந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

ஞானசெல்வியும் அதையேதான் நினைத்தாள். கூடாரத்துப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்த இட்லித் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் இருந்த மகளை இறுக்கிக்கொண்டாள்.

"என்ன தம்பி இது?"

"மூணு நாளா இப்படித்தான்க்கா. எந்திரிச்சுப் பாத்தா புதுசாக் கெடக்கு" என்றான் ரெக்ஸ்.

ரெக்ஸும் அவன் தங்கச்சி பெனிட்டாவும் பழனிசெட்டிபட்டிக்காரர்கள். வேலை பெங்களூரில். பத்து நாள் லீவு போட்டு, கெங்குவார்பட்டிக்கு மேலே கூடாரம் அடித்திருந்தார்கள். கயிறு இல்லாமல் பாறை ஏறுவது அவர்கள் விளையாட்டு. யாரும் ஏறாத பாறையாகப் பார்த்து, பாசியைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, கை வைக்க, கால் வைக்க வழி கண்டுபிடிப்பார்கள். கீழே தடி மெத்தை விரித்திருக்கும். பிடி நழுவினால் அதில் பொத்தென்று விழுவார்கள்.

"இந்த எடம் மட்டும் செட் ஆச்சுன்னா நாலு ஊர் ஆளுக வருவாங்க. சாப்பாடு ஒங்க பொறுப்புக்கா" என்று சொல்லியிருந்தார்கள்.

இப்போது பெனிட்டாவின் முகம் வெளுத்திருந்தது.

"விடியுறதுக்கு முன்னாடி கூடாரத்தச் சுத்தி யாரோ நடந்தாங்கக்கா. என்னமோ முணுமுணுத்துக்கிட்டே. ஓட்டை வழியாப் பாத்தேன். மூக்கு வாயெல்லாம் மூடி முந்தானையக் கட்டுன ஒரு பொம்பளை. கையில பை. பைக்குள்ள கையவிட்டு அள்ளி அள்ளித் தூவுறாங்க."

பொன்னாத்தாள்!

இந்தப் பக்கம் குடியிருப்பது அவள் ஒருத்திதான். மக்காச்சோளக் காட்டு ஓரத்துக் குடிசையில் தனியாக இருப்பவள். யாரோடும் ஒட்டமாட்டாள். ஊருக்குள் அவளைப் பற்றி ஏற்கெனவே ஒரு மாதிரிப் பேச்சு உண்டு.

ஞானசெல்வி குனிந்தாள். கறுப்பு முடி, நரைத்த முடி, சாயம் போன முடி. அதற்கு நடுவே சுருள் சுருளாக, செம்பட்டையாக ஒரு கொத்து. அதில் ரோஸ் கலர் ரப்பர் பேண்ட்.

அந்தக் கொத்தைக் கையில் எடுத்தாள்.

முந்தாநாள்தான் பேன் தொல்லை என்று மகளுக்குச் சலூனில் முடியை ஒட்ட வெட்டினாள். அன்றைக்குச் சாயங்காலமே பிள்ளைக்குக் காய்ச்சல். இந்த நிமிசம்வரை மேல் கதகதவென்று சுடுகிறது.

"எம் பிள்ளை முடி! ஏசுவே, இது எம் பிள்ளை முடி!"

"அக்கா, போகாதீங்க! நாங்க இன்னிக்கே காலி பண்றோம்" என்று ரெக்ஸ் கத்தியது காதில் விழவில்லை. ஓடினாள்.

குடிசைக்குப் பக்கத்தில் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. கம்பு கம்பாக நட்டு, கிழிந்த சேலைகளைக் கட்டிவிட்டிருந்தது. காற்றே இல்லை போலிருந்தது. ஆனாலும் ஒரு சேலை மட்டும் மெல்ல ஆடியது.

கதவு திறந்திருந்தது. உள்ளே பொன்னாத்தாள் உட்கார்ந்திருந்தாள். முழங்கைவரை கை ஒரு பைக்குள் புதைந்திருந்தது. பை நிறைய முடி.

"ஏய்! எம் பிள்ளைக்கு என்னடி செஞ்ச? சொல்லு!"

பொன்னாத்தாள் மெதுவாகத் திரும்பி, முகத்தில் கட்டியிருந்த முந்தானையை அவிழ்த்தாள்.

"யாரு, ஞானசெல்வியா? பிள்ளைக்குக் கண்ணு செவந்திருக்கு. காய்ச்சக்காரப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு வெயில்ல அலையுறியே, கூறு இருக்கா ஒனக்கு?"

"இந்த முடி ஏது?"

"சலூன்ல கூட்டி அள்ளுனது. வேற எங்கன கெடைக்கும்? நாத்தம் தாங்கல."

"எதுக்கு?"

"பன்னிக்குத்தான். காட்டுப்பன்னி தரைய மோந்துக்கிட்டேதான வரும்? முடி மூக்குல ஏறுச்சுன்னா தும்மிக்கிட்டு ஓடிரும். அந்தப் பாறை இடுக்குலதான் தாய்ப்பன்னி குட்டிகளோட படுக்கும். அது தெரியாம இந்தப் பிள்ளைக அங்கனயே கூடாரத்தப் போட்டு, தொப்பு தொப்புன்னு குதிக்குதுக. குட்டிக்காரி சும்மா விடுவாளா? வயித்தக் கிழிச்சிர மாட்டா?"

ஞானசெல்விக்குக் குரல் இறங்கியது. "அவுககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அத்தை?"

"மொத நாளே போனேன். வாயத் தெறக்குறதுக்குள்ள, ‘ஆன்ட்டி, தள்ளிப் போங்க, வீடியோவுல விழுறீங்க’ன்னு வெரட்டிவிட்டாரு அந்தத் தம்பி."

"என்னமோ முணுமுணுத்தீகளாமே?"

"பன்னியத்தான் வஞ்சேன். பின்ன என்ன, தாலாட்டா பாடுவாக?"

ஞானசெல்விக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முகத்தைத் துடைத்துக்கொண்டு, பின்வாசல் வழியே பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மக்காச்சோளம் ஒரு தட்டைகூட நிமிர்ந்து நிற்கவில்லை. காடு முழுக்க உழுது போட்ட மாதிரிக் கிடந்தது. கடித்துத் துப்பிய கதிர்கள் வரப்புவரை சிதறிக் கிடந்தன. வரப்பில் ஒரு முடிகூட இல்லை.

"அத்தை... ஒங்க காட்டுக்குப் போடலையா?"

"சேலையக் கட்டிவிட்டுப் பாத்தேன், பன்னி பயப்படல. முடி நாளுக்கு ஒரு பைதான் தேறுது. ஒண்ணு இங்கன போடணும், இல்ல அங்கன போடணும்."

பொன்னாத்தாள் பையின் வாயைச் சுருட்டிக் கட்டினாள். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டாள்.

"ஏன் ஆத்தா, அந்தத் தம்பி தலையில கொண்டை போட்டிருக்காருல்ல? அவரு முடி மட்டுமே ஒரு வரப்புக்குப் போதும். கொஞ்சம் வெட்டித் தரச் சொல்லி எனக்காகக் கேளேன்."