கண்ணாடிக்குக் குனிந்தவன்

மலாயாவில் பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் காலைப் பெரட்டு, ஆள் கணக்கெடுக்கும் நேரம். ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் திசைக்கு எல்லா முதுகும் வளைந்திருக்கிறது. ஜப்பான்காரன் வரும்வரை வெள்ளைக்காரத் துரைக்கு வளைந்து பழகிய, தோட்டக் கணக்கெழுதும் கிராணி பரஞ்சோதியின் முதுகு எல்லாருக்கும் முன்னால். சவரியப்பன் மட்டும் நிமிர்ந்து நிற்கிறான். போனவர் திரும்பாத சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆள் ஏற்றும் லாரி ஓரத்தில் உறுமுகிறது. அவன் மனைவி மதலையம்மா பால்வாளியை மாரோடு அணைத்துக்கொள்கிறாள். “ஒனக்கு மட்டும் முதுகு இரும்புலயாடா?” என்று கிராணி பாய்ந்து அறைகிறார். அறைந்த வேகத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடியே விழுகிறது. சவரியப்பன் குனிந்து எடுக்கிறான். சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டுகிறான். வணங்கிவிட்டான் என்று லாரியோரம் நிற்கும் ஜப்பான் சிப்பாய் பல்லைக் காட்டுகிறான். மதலையம்மாவுக்கு மூச்சு வருகிறது. “அது ஒங்க கண்ணாடிக்குங்கய்யா,” என்கிறான் சவரியப்பன், கன்னம் சிவந்திருக்க, மெதுவாக. “ஏசுசாமிக்குக் குடுத்த கும்புடு, வேற ஆளுக்குக் குடுக்கறதுக்கில்லலா. கோவிச்சுக்காதீங்க.” தமிழ் புரியாத சிப்பாய், என்ன சொல்கிறான் என்று கிராணியிடம் மலாயில் கேட்கிறான். அரிசி நிறுவையில் அன்றாடம் பொய் சொல்லும் அந்தக் கிராணியின் வாயையே மதலையம்மா பார்க்கிறாள். ‘மாதாவே, இன்னிக்கு ஒரு பொய்.’ கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிப்பாய்க்கு முதுகை வளைத்து, கிராணி இன்றைக்கென்று பார்த்து உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.