பர்மிஷன் கிடைத்த ஊர்வலம்

விதவைப் பென்ஷன் வராத பெண்களுக்காக ஊர்வலம் போக அனுமதி கேட்டு, காசியம்மாள் மறுபடியும் போலீஸ் ஸ்டேஷன் படியேறினாள். பௌர்ணமி கிரிவலப் பந்தோபஸ்தில் நின்று கால் வீங்கியிருந்த எஸ்.ஐ. அன்பரசன் காகிதத்தை நீட்டினார்.

"இந்தாம்மா, பர்மிஷன். டி.எஸ்.பி. ஐயாகிட்ட கெஞ்சி வாங்கினேன். தேரடியிலேர்ந்து வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் தாராளமா ஊர்வலம் போங்க."

"போன தடவ மாதிரி கைது பண்ணுவீங்களா சார்?"

"பர்மிஷன் இருக்கில்ல? ஒருத்தரும் உங்க பக்கமே வரமாட்டாங்க."

காசியம்மாளின் முகம் தொங்கிப்போனது.

"எப்பவும் போல பர்மிஷன் இல்லன்னுடுங்க சார்."

"ஏம்மா, இதுக்குத்தானே இத்தினி நாளா அலைஞ்சீங்க?"

"வேணாம் சார். கைது பண்ணாத்தான் கல்யாண மண்டபத்துல ஒக்கார வச்சு, மத்தியானம் சோறு போடுவீங்க. பாதிப் பேரு அத நம்பித்தான் வராங்க."