நாலாவது பெட்டி

வடகவுஞ்சி பூண்டுக் கொட்டகையின் தகரக் கூரையிலிருந்து பனி சொட்டுகிறது. கொடைக்கானலிலிருந்து வந்த சௌம்யா தன் லேப்டாப்பையும் மகாதேவியின் பழைய போனையும் அருகருகே வைத்துப் பார்க்கிறாள். பூண்டு விற்க அவள் செய்த இணையப் பக்கம் இரண்டிலும் திறந்திருக்கிறது. இவ்வூர்ப் பெண்கள் நான்கு பேர் விளைவித்த பூண்டின் படங்கள். ஒவ்வொன்றும் ஒரு பெட்டிக்குள்; பெட்டியைச் சுற்றிப் பச்சைக் கோடு. லேப்டாப்பில் நான்கும் ஒரே வரிசையில் நிற்கின்றன. போனிலோ நாலாவது பெட்டி, மகாதேவியுடையது, தனியே கீழே இறங்கிவிட்டது. “எம் பூண்டு மட்டும் ஏன் கீழ கெடக்கு?” சிரித்தபடி கேட்டாலும் மகாதேவியின் கண் அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை. பத்து மணிக்குப் பக்கம் எல்லோருக்கும் திறந்துவிடப்படும். சௌம்யா பெட்டிகளின் அகலத்தை மறுபடி கூட்டிப் பார்க்கிறாள்; கணக்குப்படி நான்கும் ஒரே வரிசைக்குள் அடங்க வேண்டும். வெளியே கயிறு பிடித்துப் பாத்தி அளக்கும் கணவனைப் பார்த்து மகாதேவி ஜன்னல் வழியே கத்துகிறாள்: “வரப்பையும் சேத்து ஒரு பாத்தி நாலடிங்க! வரப்ப வெளிய விட்டா கடைசிப் பாத்தி ஓடைக்குள்ள போயிரும்!” சௌம்யாவின் விரல்கள் அப்படியே நிற்கின்றன. இந்தப் போனின் பிரவுசர் பச்சைக் கோட்டை, பெட்டியின் அகலத்துக்கு வெளியே அல்லவா கணக்கிடுகிறது! அதனால்தான் வரிசையில் இடம் போதாமல் நாலாவது கீழே இறங்குகிறது. எந்தப் பிரவுசரானாலும் அந்தக் கோட்டையும் பெட்டியின் அகலத்துக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளும்படி ஒரே ஒரு வரி எழுதுகிறாள். போனில் வட்டம் சுற்றுகிறது. சிக்னல் மூச்சுவாங்க மலையேறி வருகிறது. நான்கு பெட்டிகளும் தோளோடு தோள் உரசிக்கொண்டு வந்து நிற்கின்றன. மகாதேவி நாலாவது பெட்டியின் ஓரத்தை விரலால் மெல்லத் தடவுகிறாள். விரலிலிருந்த பாத்தி மண் கண்ணாடியின் மேல் இன்னொரு கோடு இழுக்கிறது. அவள் அதைத் துடைக்கவில்லை.